மெட்டு ரோட்டுக் கடை

கம்பத்தில் மெட்டு ரோடு பிரியும் இடத்தில்
ஆறுக்கு எட்டு, என் கடை.
விடிகாலை நாலரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன்,
ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புகள் ஆள் ஏற்றும் நேரம்.
ஒரு ஜீப்பில் பதினெட்டுப் பேர்,
பதினெட்டுத் தூக்குவாளி, பதினெட்டு போன்.
பாதிக்கு மேல் விரிசல்.

கடைசிக் கொண்டை ஊசி வளைவு தாண்டினதும்
கேரளா வரவேற்கிறது என்று
எல்லாப் போனும் ஒன்றாகக் கத்தும்.
பவுன்தாயின் போன் மட்டும் செத்துப்போகும்.

தவணைக்கு வாங்கினது. ஒரே கம்பெனி சிம்தான் ஏற்கும்.
அந்தக் கம்பெனிக்கு
அவள் காய் எடுக்கும் பள்ளத்தில் டவர் கிடையாது.
வேறு சிம் போட்டால் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறதாம்.
அவளுக்குப் புரிந்தது அந்தச் சிவப்பு மட்டும்.
"மகனுக்கு இழுப்புன்னு ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டா
ராத்திரி எறங்கி வந்துதான்யா தெரியுது."

"தவணை முடிஞ்சதா?"
"ரெண்டு பாக்கி."
பொய் சொல்லவில்லை. பில்லும் வைத்திருந்தாள்,
மஞ்சள்பைக்குள் நாலாக மடித்து.
பின்பக்கம் கடுகு எழுத்தில் ஒரு பத்தி.

டிஸ்ப்ளே மாற்ற வந்த வக்கீல் ராஜசிம்மனிடம் காட்டினேன்.
"கடன் முடியிற வரைக்கும் திறக்கக்கூடாதுன்னு போட்டிருக்கான்.
இது சட்டம் இல்லப்பா, ஒப்பந்தம்."
"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"
"மாட்டினா தெரியும்" என்றார்.
டிஸ்ப்ளேக்கு நூறு ரூபாய் குறைத்தும் வாங்கிக்கொண்டார்.

மாட்டை விற்றவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு
மாட்டை மட்டும் கொடுப்பது எங்கள் பக்க வழக்கம்.
இவர்கள் கயிற்றோடு கொடுத்துவிட்டு
மறுமுனையைக் கையில் வைத்திருக்கிறார்கள்.
சரி, இந்த மாட்டில் ரெண்டு கால் இன்னும் அவர்களுடையது.
அதுவும் தெரிந்துதான் திறந்தேன்.
நூற்றைம்பது ரூபாய். நோட்டில் பதினைந்து இலக்கம்,
அதற்கு நேரே அவள் கைநாட்டு.

அதே வாரம் ஜீப் டிரைவர் குபேந்திரன் வந்தான்.
கர்ச்சீப்பில் சுற்றி ஒரு போன்.
திரையில் மஞ்சள் சேலையில் ஒரு பெண், முகத்தில் வெயில்.
அவன் விரலை அது ஏற்கவில்லை. கோடு போடவும் தெரியவில்லை.
"யாருது?"
"வீட்ல."
"அவங்களக் கூட்டிட்டு வாங்க."
பேசவில்லை.
பில் இல்லை. டப்பா இல்லை.
"திறந்தா உள்ள இருக்கிறது அழிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டான்.
"திருட்டுப் போனத் திறந்தா நாந்தான் உள்ள போகணும்."
கடையில் கூட்டம். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கம்பெனி போட்ட பூட்டைத் திறக்கலாம்.
ஆள் போட்ட பூட்டை அந்த ஆள் வராமல் தொடக்கூடாது.
என் சட்டம் இவ்வளவுதான்.
அன்றைக்கு அது நன்றாகவே இருந்தது.

பவுன்தாய் அந்த ரெண்டு தவணையைக் கட்டவே இல்லை.
கம்பெனிக்காரன் பைக்கில் வந்து விசாரித்தபோது
நோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.
"மலையில நல்லா அடிக்குதுய்யா" என்று அவள் சிரிப்பாள்.
பாக்கியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும்.

ஐப்பசி மழையில் ஒருநாள்
குபேந்திரனின் ஜீப் கடைமுன் ரிவர்ஸ் எடுத்தது.
தினமும் பார்க்கிற ஜீப். பின்கண்ணாடியைப் பார்த்ததில்லை.
கண்ணீர் அஞ்சலி, ஒட்டி நாளாகி
ஒரு மூலை உரிந்து தொங்கியது.
நாகஜோதி. மஞ்சள் சேலை. அதே வெயில்.
அவன் என்னிடம் வந்ததற்குப்
பதினோரு நாள் முந்தைய தேதி.

அவள் குரல் உள்ளே இருந்திருக்கலாம்.
அவன் பார்க்கக்கூடாதென்று
அவள் வைத்த ஏதாவதும் இருந்திருக்கலாம்.
வர முடியாத ஆள் போட்ட பூட்டுக்கு
நோட்டில் என்னிடம் கட்டம் இல்லை.
வக்கீலிடம் கேட்கவும் பிடிக்கவில்லை.

நாலரைக்கு ஜீப் வந்து நிற்கிறது.
ரெண்டு தடவை கவுண்டரை விட்டு இறங்கினேன்.
ஹாரன் அடித்துக் கிளம்பிவிட்டான்.
சார்ஜ் ஏற்றாமல் வைத்த பேட்டரி
நாளாக நாளாக வீங்கும்,
கண்ணாடியை உள்ளிருந்து தள்ளும்.
அதையாவது அவனிடம் சொல்லவேண்டும்.